வெயில் படாத பொட்டு

அதைப் பிய்ச்சிராதீங்க தம்பி.

இல்ல, கோவிச்சுக்காதீங்க. அந்த ஜன்னல் சட்டத்துல மஞ்சளா வட்டமா ஒட்டியிருக்கே, அது நான் ஒட்டினது. நீங்க ஏறுறதுக்கு முன்னாடி, விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு நிக்கும்போதே ஒட்டிட்டேன். ஏதோ ஆப்பிள்ல ஒட்டுற ஸ்டிக்கர்னு நெனச்சு நகத்தால சுரண்டப் போனீங்க. தப்பில்ல. பஸ்ஸுல உக்காந்தா யாருக்கும் கை சும்மா இருக்காது. கோவில்பட்டி வரைக்கும் அது அங்கனயே இருக்கட்டும். அதுக்கப்புறம் நானே எடுத்துக்கிறேன்.

உங்களுக்கு ஜன்னலோரம் சௌகரியமா இருக்குல்ல? நல்லா சாஞ்சு உக்காருங்க. சாதாரணமா நான் ஜன்னலோரத்தை ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். இன்னைக்கு என்னமோ அங்கிட்டு உக்கார மனசு வரல.

மஞ்சளாத்தான இருக்கு? சரி, சரி. சும்மா கேட்டேன்.

என் பேரு வெயிலுமுத்து. சிரிக்காதீங்க. எங்க ஊரு அம்மனே வெயிலுகந்தம்மன்தான். எங்க தெருவுல கூப்பிட்டா நாலு வெயிலுமுத்து திரும்பிப் பாப்பான். வேலை, நாலுவழிச் சாலை ஓரத்துல ஒரு பிளாண்ட்ல. பேரு வேணாம். மிளகு, வத்தல், மஞ்சத்தூள், மல்லித்தூள் எல்லாத்துலயும் கிருமி இருக்கும் பாருங்க, அதைக் கதிர் பாய்ச்சிக் கொல்லுற பிளாண்ட். நான் அங்க கோடவுன் இன்சார்ஜ். பதினோரு வருசம் ஆச்சு.

பாத்தீங்களா, கதிர்னு சொன்னதும் நீங்களும் ஒரு இஞ்சு தள்ளி உக்காந்துட்டீங்க. எல்லாரும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரி முதல் ரெண்டு வருசம் என் சட்டையைத் தனி வாளியிலதான் முக்குவா. தெருவுல எனக்குக் 'கரண்டு முத்து'ன்னு பேரு. ஒண்ணும் கிடையாது தம்பி. கோபால்ட்னு ஒரு உலோகம், குச்சி குச்சியா ஒரு சட்டத்துல மாட்டி, ஆழமான தண்ணித் தொட்டிக்குள்ள கெடக்கும். அட்டைப் பெட்டியை அப்படியே மூடுனபடிக்கு அலுமினியக் கூண்டுல ஏத்தி உள்ள அனுப்புவோம். அதுக்கப்புறம் கதவைச் சாத்திட்டு அந்தச் சட்டத்தைத் தண்ணிக்கு மேல தூக்குவாங்க. கூண்டு அதைச் சுத்தி வந்து வெளிய வரும். சூடு கிடையாது, மருந்து கிடையாது, வாசம் போகாது. பெட்டியைப் பிரிக்கக்கூட வேணாம். உள்ள இருக்க கிருமி மட்டும் செத்துப்போகும். கரண்டும் ஒட்டாது, ஒண்ணும் ஒட்டாது. நான் அந்த மிளகுலதான் ரசம் வைக்கச் சொல்லிச் சாப்பிடுறேன்.

நாங்க எங்களுக்குள்ள உள்ள போகாத பெட்டியைப் 'பச்சை'ன்னு சொல்லுவோம். போயிட்டு வந்ததை 'வெந்தது'ம்போம். வேகவே இல்ல, ஆனா வாய்க்கு வந்திருச்சு. பச்சைக்கும் வெந்ததுக்கும் நடுவுல கூரை வரைக்கும் கம்பி வலை. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகணும்னா பெட்டிக்கு ஒரே வழிதான், உள்ள போய்த்தான் வரணும். அப்படித்தான் கட்டியிருக்கு. ஏன்னா வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே பெட்டிதான் தம்பி. எது பச்சை எது வெந்ததுன்னு ஆண்டவனாலயே சொல்ல முடியாது. அதுக்குத்தான் இந்தப் பொட்டு.

ஆமா, அந்த ஸ்டிக்கருக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு இருக்கு. எங்களுக்குப் பொட்டுதான். மஞ்சளா இருக்கும். உள்ள போய்க் கதிர் பட்டா செக்கச்செவேல்னு குங்குமமா மாறிரும். மஞ்சப் பொட்டு போகும், குங்குமப் பொட்டு வரும். பாத்தாலே தெரிஞ்சுரும். நான் புதுசா வர்ற ஆளுக்கெல்லாம் ஒரே பாடம்தான் சொல்லுவேன். மனுசன் பொய் சொல்லுவான், பேப்பர் பொய் சொல்லும், பொட்டு பொய் சொல்லாது. பதினோரு வருசமாச் சொல்லிட்டு வர்றேன்.

மஞ்சளாத்தான இருக்கு இன்னும்? நல்லது.

கோவில்பட்டிக்கு எதுக்குப் போறேன்னு கேக்கறீங்களா? ஒரு கையெழுத்து வாங்கணும். இந்தா, இந்தப் பையில இருக்கு பேப்பர். தங்கபுஷ்பம்னு ஒரு பொம்பள. எங்ககிட்ட வேலை பாத்துச்சு. கோவில்பட்டிக்கு முன்னால ரோடு பிரியுற பைபாஸ் விலக்குல வந்து நிக்கச் சொல்லியிருக்கேன், பன்னெண்டு மணிக்கு. கையெழுத்துப் போட்டா அதுக்குத் திரும்ப வேலை. நல்ல காரியம்தான். நான்தான் மேனேஜர்கிட்டப் பேசி வாங்கிக் குடுத்தேன், திரும்ப எடுக்கச் சொல்லி. வேற எவன் பேசுவான் அதுக்காக?

பொட்டு ஒட்டுற வேலையே அதுக்கு நான் குடுத்ததுதான். புருசன் செத்து மூணாம் மாசம் வந்துச்சு வேலை கேட்டு. மத்த பொம்பளைகள்லாம் முணுமுணுத்தாங்க. நெத்தியில பொட்டு இல்லாதவ கையில பொட்டு ரோலைக் குடுக்கீங்களே அண்ணாச்சின்னு என்கிட்டயே கேட்டாங்க. போங்கடி வேலையைப் பாத்துக்கிட்டுன்னு விரட்டி விட்டேன். அந்த மாதிரி ஆளு நான். எனக்கு அந்த வித்தியாசம்லாம் கிடையாது.

ஒட்டும் பாருங்க, அம்புட்டு நறுவிசா ஒட்டும். பெட்டியோட வலது மூலையில, ரெண்டு விரல் அகலம் விட்டு, முந்நூறு பெட்டின்னா முந்நூறும் ஒரே இடத்துல. பெட்டியைத் தடவிப் பாக்கும். ஓரம் நைஞ்சிருந்தா சொல்லும். நான் அதைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். என்ன, வாய்தான் கொஞ்சம்.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க யாரு மேல தப்புன்னு.

பங்குனிப் பொங்கல் சமயம். ஊரே திருவிழாவுல கெடக்கு. கோடவுன்ல பச்சைப் பக்கம் கால் வைக்க இடம் இல்ல. வத்தல் வந்து குவிஞ்சிருச்சு. அப்ப ஒரு முப்பது பெட்டி மிளகுத்தூள் வந்துச்சு, வெளிநாட்டு சூப்புக் கம்பெனிக்குப் போறது. பொட்டெல்லாம் ஒட்டியாச்சு. வைக்க இடம் இல்ல. வெளிய முத்தத்துல வைங்கடா, தார்ப்பாய் போட்டு மூடுங்கன்னேன். நான்தான் சொன்னேன், இல்லைங்கல. மூணு நாள் லீவு. காத்து அடிச்சுத் தார்ப்பாய் பறந்து வேலியில கெடந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண? காத்துக்கு நானா இன்சார்ஜ்?

நாலாம் நாள் காலையில லாரி வந்து நிக்குது. நான் டீ குடிச்சிட்டு உள்ள வர்றேன், முத்தத்துல முப்பது பெட்டி. முப்பதுலயும் குங்குமப் பொட்டு. சிவப்பா இருக்கு தம்பி. கண்ணு அவிஞ்சவனுக்குக்கூடத் தெரியும். சரி, லீவுக்கு முந்தின ஷிப்ட்டுக்காரன் உள்ள விட்டு எடுத்து, லோடுக்காக வெளிய வச்சிருக்கான்னு நெனச்சேன். வேற எப்படி நெனைக்க முடியும்? ஏத்துங்கன்னேன்.

புஷ்பம் வந்து லாரிக்கு முன்னால நின்னுக்கிருச்சு.

"அண்ணாச்சி, இது உள்ள போகல."

"பொட்டு என்ன கலரு?"ன்னேன்.

"செவப்புதான்."

"பெறகு என்ன?"

"இடுப்புல தடம் இல்ல அண்ணாச்சி. பாருங்க."

அது என்னன்னா, எங்க கூண்டு இறுக்கம். பெட்டியை உள்ள திணிச்சு வெளிய இழுக்கும்போது ரெண்டு பக்கமும் சாம்பல் கலர்ல லேசா ஒரு தேய்ப்பு விழும். யாரும் அதைக் கவனிக்க மாட்டோம். பதினோரு வருசத்துல நானே பாத்தது கிடையாது. இந்தப் பொம்பள பாத்திருக்கு. ஒவ்வொரு பெட்டியாத் தடவி, "இதுல இல்ல, இதுல இல்ல"ன்னு காட்டுது. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். லோடுமேன் நாலு பேரு சிரிக்கான். நான் கேட்டேன், பொட்டு சிவப்பா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுன்னு. அது சொல்லுச்சு பாருங்க:

"பொட்டு செவப்புதான் அண்ணாச்சி. பெட்டி பச்சை."

எனக்கு வந்துச்சே கோவம். பத்துப் பேரு முன்னால. நான் சொல்லிக்குடுத்த பாடத்தை எனக்கே திருப்பிப் போடுது. கோவத்துல நானும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அது எதுக்கு இப்ப, விடுங்க. பெட்டி ஏறுச்சு. லாரி போயிருச்சு.

மேனேஜர் கேட்டாரு என்ன சத்தம்னு. உள்ளதைச் சொன்னேன். நான் அதை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவே இல்ல தம்பி. 'இந்தப் பொம்பளையை வச்சுக்கிட்டு என்னால வேலை பாக்க முடியாது'ன்னு சொன்னேன், அம்புட்டுத்தான். அன்னைக்குச் சாயங்காலமே அனுப்பிட்டாரு. அவரு முடிவு அது.

இன்னொண்ணும் இருக்கு. உள்ள போற பெட்டியை ஏட்டுல எழுதணும். எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு. அன்னைக்கு ஏட்டைப் பாக்குறேன், அந்த முப்பது பெட்டி ஏட்டுல இல்ல. பொட்டு சிவப்பா இருக்கு, ஏட்டுல இல்லைன்னா என்ன அர்த்தம்? எவனோ எழுத மறந்துட்டான். லீவு அவசரம். அதனால நானே எழுதிட்டேன். நீங்களா இருந்தாலும் எழுதியிருப்பீங்க. பொட்டு சொல்லுதுல்ல.

என்ன, பஸ்ஸு நிக்குது? சாத்தூர் தாண்டிட்டோமா? கண்டக்டர் தம்பி, என்னாச்சு? டேங்கர் கவுந்திருச்சா. பாலத்துக்குப் பக்கத்துலயா. ஆளுக்கு ஒண்ணும் இல்லையே? சரி, சரி. எடுத்துருவாங்க. பன்னெண்டுக்குள்ள போனாப் போதும் எனக்கு.

எங்க விட்டேன்? ஆங், ஏட்டுல எழுதினேன். அந்த முப்பது பெட்டியும் கப்பல்ல ஏறிப் போயிருச்சு.

ஆனி பொறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த நாட்டுத் துறைமுகத்துல சோதனை போட்டிருக்காங்க. மிளகுல உயிரோட கிருமி. சால்மொனெல்லாங்கிறாங்க. வயித்தைக் கலக்கி, காய்ச்சல் கொண்டாந்து, கெழடு கட்டைகளையும் புள்ளைகளையும் படுக்கையில போட்டுரும். முப்பது பெட்டியையும் நிறுத்திட்டாங்க. ஒருத்தரும் சாப்பிடல, அது வரைக்கும் புண்ணியம். கதிர் பாய்ச்சினதுன்னு சர்ட்டிபிகேட் வச்சிருக்கீங்களே, இது எப்படின்னு கேட்டு சூப்புக் கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்.

எங்க லேப்ல பர்வீன்னு ஒரு புள்ள. படிச்ச புள்ள. அது பொட்டு ரோல் வந்த டப்பாவுல இருந்து ஒரு தாளை எடுத்துட்டு வந்து என்கிட்ட நீட்டுது. பொடி எழுத்து, இங்கிலீஷு. "அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? நேர் வெயில்ல வைக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. வெயில் பட்டாலும் இது சிவக்குமாம்." அடியில பாத்தா, படித்துப் புரிந்துகொண்டேன்னு என் கையெழுத்து.

ஆனா யோசிச்சுப் பாருங்க. ரோலை வெயில்ல வைக்கக்கூடாதுன்னு இருந்திருக்கும். ஒட்டின பெட்டியை வைக்கக்கூடாதுன்னு அதுல போடலையே? இங்கிலீஷ்காரன் எழுதுறதை அந்தப் புள்ள ஒரு மாதிரி அர்த்தம் பண்ணிக்கிருச்சு. வெயில்ல சும்மா கெடந்தா சிவக்கும்னா, பெறகு அது என்ன பொட்டு? அதனாலதான் இன்னைக்கு ரோல்ல இருந்து ஒண்ணைக் கிழிச்சு இங்க ஒட்டியிருக்கேன். விருதுநகர்ல இருந்து கோவில்பட்டி வரைக்கும் ஜன்னலோரம் வந்தும் மாறல பாரு தாயின்னு புஷ்பத்துக்கிட்டக் காட்டணும். காட்டிட்டுக் கையெழுத்து வாங்கிட்டா எனக்கும் மனசு உறுத்தாது.

என்ன கேட்டீங்க? இந்தப் பக்கம் நிழலா இருக்கேன்னா?

ஆமா, தெக்க போற பஸ்ஸுல காலையில இந்தப் பக்கம் நிழலாத்தான் இருக்கும். தெரிஞ்சுதான் உக்காந்தேன். எனக்கு வெயில் ஒத்துக்காது தம்பி, ஒத்தைத் தலைவலி வந்திரும். பேருதான் வெயிலுமுத்து. வெளிச்சம் வருதுல்ல? வெளிச்சமும் வெயிலும் ஒண்ணுதான.

நீங்க படிச்சவங்க. அதான் நோண்டி நோண்டிக் கேக்கறீங்க.

பேப்பர்ல என்னன்னா? இருங்க படிக்கிறேன். 'மேற்படி முப்பது பெட்டிகளும் கதிர் பாய்ச்சப்பட்டவை என்று நான் கூறியதன் பேரிலேயே பொறுப்பாளர் ஏட்டில் பதிவு செய்தார். தவறு என்னுடையது.' அம்புட்டுத்தான். ரெண்டு வரி. ஆமா, அது அப்படிச் சொல்லல. நேர்மாறாத்தான் சொன்னுச்சு. எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்கு என்ன நட்டம் சொல்லுங்க. அது படிக்காதது, ஏதோ தெரியாமச் சொல்லிருச்சுன்னு விட்டுருவாங்க. வேலை திரும்பக் கெடைக்கும். அம்மா வீட்டுல ஒண்டிக்கிட்டுக் கெடக்கு, தீப்பெட்டி ஒட்டப் போகுதாம். என்னைப் பாருங்க. ஐம்பத்தாறு வயசு. இதை விட்டா எவன் எடுப்பான்? ஏட்டுல என் கையெழுத்து. தாள்ல என் கையெழுத்து. முத்தத்துல வைக்கச் சொன்னது நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கிறேன்.

மேனேஜர் லேசான ஆளு இல்ல. "வெயிலுமுத்து, வெயில்ல பொட்டு மாறும்னு நாம வாயைத் திறந்து சொன்னோம்னா, இந்த முப்பது பெட்டியோட நிக்காது. இதுக்கு முன்னால முத்தத்துல எத்தனை பெட்டி வச்சோம்னு கேப்பான்"னாரு. அது வாஸ்தவம். போன வருசமும் கூட்டம்தான். போன வருசமும் முத்தத்துலதான் வச்சோம். சத்துமாவுக் கம்பெனிப் பெட்டி ரெண்டு நாள் கெடந்துச்சு. கைப்புள்ளைகளுக்குக் கரைச்சு ஊட்டுற மாவு.

அதை உங்ககிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது. விடுங்க. அதெல்லாம் உள்ள போயிருக்கும். ஏட்டுல இருந்துச்சு. நான்தான் எழுதினேன்.

மஞ்சளாத்தான இருக்கு?

அப்பாடா, வண்டி நகருது. என்ன, இப்படித் திருப்புறான்? டிரைவர், ஏன் வந்த வழியே போறீங்க? போலீஸ் திருப்பி விடுறானா. சர்வீஸ் ரோட்டுல போயி அடியில பூந்து வரணுமா. சரிதான். பாத்தீங்களா, சர்வீஸ் ரோட்டுலயும் நின்னுருச்சு. முன்னால லாரி, பின்னால லாரி. கதவைத் திறந்தா இறங்குறதுக்கு இடம் இல்ல, அந்த டிரெய்லரு ஒட்டிக்கிட்டு நிக்குது. சிக்கிக்கிட்டோம் நல்லா.

கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல. தம்பி, உங்க மூஞ்சியில வெயில் அடிக்குது.

ஆமால்ல. வண்டி வடக்க பாத்து நிக்குது. வெயில் இந்தப் பக்கம் வந்திருச்சு. அந்தக் கதவை இறக்கி விடுங்க. ஜன்னல் கதவை. இறங்கலையா? ரெண்டு பக்கமும் அந்தக் கொக்கியை உள்ள அமுக்கிட்டு இறக்கணும். இருங்க, நான் பாக்குறேன். மன்னிச்சுக்கங்க, கை மேல படுது. சனியன், துருப்புடிச்சுக் கெடக்கு. டிரைவர், எவ்வளவு நேரம் இங்கனயே? கொஞ்சம் முன்னால எடுங்க, அந்த வேப்பமரத்து நிழலுக்கு எடுத்தாப் போதும். எடுக்க முடியாதா. ஒரு பத்தடி. பத்தடிகூட இல்லையா.

எவ்வளவு நேரமா அடிக்குது வெயில் அதுமேல? நீங்க பாத்தீங்களா? இல்ல, சொல்லாதீங்க. துண்டு இருக்கு, அதைத் தொங்க விடுறேன். நிக்க மாட்டேங்குது. காத்து. சரி, கையை வச்சுக்கிறேன். என் கையை இப்படி அதுமேல வச்சுக்கிட்டே வர்றேன், உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? பஸ் கிளம்புற வரைக்கும்தான்.

என்ன பாக்குறீங்க தம்பி அப்படி?

ஆமா. கைய வச்சு மறைக்கிறேன். மாறவே மாறாதுன்னு சொன்னவன்தான் மறைக்கிறேன். மாறாதுன்னா எதுக்கு மறைக்கணும்? அதைத்தான கேக்கறீங்க. நீங்க கேக்கல, உங்க மூஞ்சி கேக்குது.

அன்னைக்கு நான் சொன்ன வார்த்தையைச் சொல்லவா? யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்லல. லாரிக்கு முன்னால நின்னு, பொட்டு செவப்புதான் பெட்டி பச்சைன்னு அது சொன்னுச்சுல்ல. நான் சொன்னேன், "நெத்தியில வைக்கக் குடுத்து வைக்காதவளுக்குப் பொட்டைப் பத்தி என்னடி தெரியும்?"னு. லோடுமேனெல்லாம் சிரிச்சான். அது சிரிக்கவும் இல்ல, அழுவவும் இல்ல. கையில இருந்த பொட்டு ரோலைக் கொண்டுபோய் மேசையில வச்சுச்சு. பிரிஞ்சு கெடந்த நுனியை மடிச்சு ஒட்டிட்டு வச்சுச்சு தம்பி, வீணாப் போயிரக் கூடாதுன்னு. அப்புறம் போயிருச்சு.

மத்தவளுக முணுமுணுத்தப்ப விரட்டி விட்டவன் நான். அதைத்தான உங்ககிட்டப் பெருமையா அளந்தேன். அந்தப் பொம்பளைகளாவது மறைவுலதான் பேசுனாளுக.

கையை எடுக்குறேன். சுடுது கை. நீங்க சொல்லுங்க. நான் அங்கிட்டுப் பாக்கல. மஞ்சளாத்தான இருக்கு?

தம்பி?

மாறிருச்சா? லேசாவா? ஆரஞ்சுப் பழம் மாதிரியா? ஓரத்துல மட்டுமா, நடுவுலயுமா? எல்லா இடமுமா. எம்புட்டு நேரம் பட்டுச்சு, முக்கால் மணி நேரம் இருக்குமா. அங்க மூணு நாளு கெடந்துச்சு தம்பி. மூணு நாளு.

போன் அடிக்குது. மேனேஜரா பாருங்க, எனக்குக் கண்ணு தெரியல. இல்லையா? புஷ்பமா.

ஹலோ. சொல்லு தாயி. ஆமா, வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். வழியில வண்டி மறிச்சுக் கெடக்கு. நீ எங்க நிக்கிற? விலக்குலயா. அங்கன நிழலே கிடையாதே. எப்ப வந்த? என்னது, சத்தமாச் சொல்லு. ஆங். சரி. சரி தாயி, இரு.

பேனா கொண்டாந்திருக்காம் தம்பி. நான் மறந்துட்டு வந்திருவேன்னு, அதுவே பேனா வாங்கிட்டு வந்து வெயில்ல நிக்குதாம். "எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, என்ன எழுதியிருந்தாலும் போட்டுர்றேன், எனக்கு வேலை வேணும்"ங்குது. போட மாட்டேன், உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். சண்டை போட்டு வாங்கியிருப்பேன். இது நீட்டுன இடத்துல போடுறேங்குது. தடுக்கிறதுக்கு ஒருத்தரும் இல்ல. போய் இறங்கி நீட்டுனா முடிஞ்சது.

சத்துமாவுப் பெட்டி எந்த ஊருக்குப் போச்சுன்னுகூட எனக்குத் தெரியாது தம்பி. எந்தப் புள்ளைக்குக் கரைச்சு ஊட்டினாங்களோ. உள்ள போச்சா போகலையா, சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. பொட்டைப் பாத்தேன், எழுதினேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

இருக்கியா தாயி? கேக்குதா? நீ ஒண்ணும் போட வேணாம். இல்ல, இல்ல, வேலை இல்லைன்னு சொல்லல. நான் சொல்றதைக் கேளு. பேனா இருக்கட்டும், எனக்கு வேணும் அது. நான் எழுத வேண்டியது இருக்கு. புஷ்பம், பொட்டு மாறிருச்சு. வெயில்ல. நான் பாக்கல, பக்கத்துல ஒரு தம்பி பாத்துச் சொன்னாரு. ஆமா. நீ சொன்னதுதான் சரி. பெட்டி பச்சைதான்.

அந்த வார்த்தைக்கு... அதை நேர்ல வந்து சொல்றேன் தாயி. போன்ல சொல்லக் கூடாது அது.

வைக்கல. லைன்லதான் இருக்கு. இன்னும் வெயில்லதான் நிக்குது.

தம்பி, இப்பப் பிய்ங்க அதை. நகத்தால சுரண்டாதீங்க, ஓரத்துல இருந்து பைய, கிழியாம எடுங்க. அது எனக்கு வேணும். இந்தாங்க பேப்பர். கீழ தங்கபுஷ்பம்னு டைப் அடிச்சு, அதுக்கு மேல கோடு போட்டு இடம் விட்டிருக்கு பாருங்க. அந்த இடத்துல ஒட்டுங்க, உள்ள போயிருச்சுன்னு எனக்குச் சொன்னது அதுதான. எனக்கு ஒரு கையில போன் இருக்கு. அதுக்குக் கீழ, தப்பு என்னுதுன்னு என் பேரை நான் எழுதிக்கிறேன், புஷ்பம் கொண்டாந்த பேனாவுல.

ஒட்டிட்டீங்களா? இப்ப என்ன கலரு?

வேணாம், நீங்க சொல்ல வேணாம். இப்படிக் குடுங்க. நானே பாக்குறேன்.